கொட்டகையில் நிற்கும் புல்லட்: வண்டியை மீட்கும்போது எந்த வரலாற்றை மீட்கிறோம்?

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மீட்டெடுக்கும் ஆர்வம் இப்போது நம் இளைஞர்களிடமும் வந்திருக்கிறது. தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் போனால், ஏதோ ஒரு பெரிய வீட்டின் மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் தூசியோடு ஒரு பழைய புல்லட் பல வருடங்களாக நின்றுகொண்டிருக்கும். அதை விலை பேசி வாங்கி, துருவைச் சுரண்டி, மீண்டும் ஓடவைப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. அதில் தவறு ஒன்றுமில்லை. இயந்திரத்தை நேசிப்பது எவருடைய தனி உரிமையும் அல்ல.

ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். காவிரிப் படுகையில் மீட்டெடுக்கக் கிடைக்கிற பழைய வண்டிகள் ஏன் பெரும்பாலும் மிராசு வீட்டுக் கொட்டகைகளிலேயே கிடைக்கின்றன? சேரியில் ஏன் ஒன்றும் கிடைப்பதில்லை? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் கீழத்தஞ்சையின் நூறாண்டு வரலாறு இருக்கிறது.

திருவொற்றியூரிலிருந்து டெல்டாவுக்கு

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனம். புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இந்தியா விடுதலை பெற்ற பிறகு எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியை அரசு தேடியது. 1950களின் தொடக்கத்தில் ராணுவத்துக்காக 350 சி.சி. புல்லட் 800 வண்டிகள் கேட்கப்பட்டன. அந்தத் தேவையை ஒட்டி 1955இல் ரெட்டிச் நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, இங்கே பூட்டப்பட்டன. பிறகு பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தில் கம்பெனி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் தொழிலாளர்களின் கைகளில் அந்த வண்டி உயிரோடு இருந்தது. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது.

ராணுவம், அடுத்து போலீஸ், அடுத்து யார்? சாலை சரியில்லாத கிராமத்தில் கரைமேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் போய்வர வலுவான வண்டி தேவைப்பட்டவர்கள், அதை ரொக்கம் கொடுத்து வாங்க முடிந்தவர்கள். டெல்டாவில் அப்படிப்பட்டவர் மிராசுதார்தான். 1960இல் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உரமும் கடனும் ஆடுதுறையின் ஏ.டி.டி. 27 போன்ற புதிய நெல் ரகங்களும் வந்தன. ஒரே நிலத்தில் கூடுதல் விளைச்சல் வந்தது. அந்தக் கூடுதல் வருமானம் டிராக்டராகவும் பம்ப்செட்டாகவும் காராகவும் புல்லட்டாகவும் பெரிய வீடுகளின் வாசலில் வந்து நின்றது.

அதே வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும் அறுத்த ஆணுக்கும் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. நெல்லாக வருகிற கூலி உலையில் முடிந்துவிடும். மிச்சம் பிடித்துப் பணமாக்க வழியில்லை. மிச்சமிருந்தது கடன் மட்டுமே. தலைமுறைக் கடன் பண்ணையாளைப் பண்ணையோடு கட்டிப்போட்டது. மோட்டார் சைக்கிள் என்பது ரொக்கத்தில் வாங்கும் பொருள். கூலியை நெல்லில் கொடுத்து வைத்திருந்தவரை, அது சேரிக்குள் வர வழியே இல்லை. கொட்டகைக் கேள்விக்கு முதல் பதில் இது.

கால் நடக்க முடியாத தெருவில் சக்கரம் எப்படி உருளும்?

பணம் மட்டுமே தடை என்று நினைத்தால் நாம் ஏமாந்துவிடுவோம். பணத்துக்கு முன்னால் தெரு இருந்தது.

தஞ்சைக் கிராமத்தை ஆராய்ந்த இரண்டு புகழ்பெற்ற நூல்கள் இருக்கின்றன. கேத்லீன் கௌ 1950களின் தொடக்கத்தில் தான் தங்கி ஆய்வு செய்த கிராமத்துக்குக் கும்பாபேட்டை என்று பெயர் வைத்தார். ஆந்த்ரே பெத்தேல் தன் கிராமத்தை ஸ்ரீபுரம் என்றார். அவருடைய நூல் 1965இல் வந்தது. இரண்டிலும் கிராமத்தின் வரைபடம் ஒன்றுதான். அக்கிரகாரம் ஒரு பக்கம், பிராமணரல்லாதார் தெருக்கள் ஒரு பக்கம், இவற்றிலிருந்து விலகி வயலுக்கு நடுவே சேரி. யார் எந்தத் தெருவுக்குள் எதுவரை வரலாம் என்பது அந்த வரைபடத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் ஒடுக்கப்பட்டோர் நடக்கலாம் என்று சென்னை சட்டமன்றம் 1924இலேயே தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு மனிதர் தெருவில் நடக்கலாம் என்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தீர்மானம் வந்த பிறகும் தெரு திறக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், துண்டை இடுப்பில் கட்ட வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற வழக்கங்களை நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தமிழகத்தின் பல மாவட்டங்களில் இந்தப் பட்டியல் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனியுங்கள். உட்கார்ந்து போவது உயரம். உயரம் அதிகாரம். அதைத்தான் சைக்கிளிலிருந்து இறக்கினார்கள்.

அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கை நினைவுகளில் சொல்லும் இரண்டு பயணங்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வோம். 1901இல் சிறுவனாக இருந்தபோது அப்பாவைப் பார்க்கக் கோரேகானுக்குப் போகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, மஹர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரண்டு மடங்கு வாடகை. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார் என்று முடிவாகிறது. 1929இல் அவர் படித்துப் பட்டம் பெற்று, பெரிய தலைவராகிவிட்டார். அப்போதும் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர் அவரை ஏற்றி ஓட்ட மறுக்கிறார். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் ஓட்டுகிறார். குதிரை மிரண்டு, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிகிறது.

இரண்டு பயணங்களிலும் பணம் கையில் இருந்தது. வண்டியும் எதிரில் நின்றது. ஓட்டத் தெரிந்தவரும் இருந்தார். சாதி மட்டும் ஏற மறுத்தது. ஓட்டும் திறமை ஒரு சமூகத்துக்கு மறுக்கப்பட்டால் அதன் விலை உடம்பில் எழுதப்படும் என்பதற்குச் சாலிஸ்கான் சாட்சி.

கார் வைத்திருப்பவர் நடந்து வருவாரா?

கீழத்தஞ்சையில் இந்த வரைபடத்தை முதலில் கலைத்தது சங்கம். பி. சீனிவாசராவ் 1943இல் தஞ்சைக்கு வந்தார். சாட்டையடியும் சாணிப்பாலும் அன்றாடத் தண்டனைகளாக இருந்த காலம் அது. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்தத் தண்டனைகளுக்கு எதிரான முதல் பெரிய வெற்றி. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவற்றை வாங்கிக் கொடுத்தவர்கள் செங்கொடியின் கீழ் திரண்ட சேரி மக்கள். அவர்கள் ஊர்வலமாக நடந்த தூரங்களெல்லாம் கால்நடையாகவே நடந்த தூரங்கள்.

பிறகு வெண்மணி. கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதும், நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர மறுத்துச் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

அந்த விடுதலைத் தீர்ப்பில் ஒரு வாதம் இருக்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் பொருளுக்கு அது நேரடியாகத் தொடர்புடையது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் மிராசுதார்கள். பெரும்பாலோர் ஏராளமான நிலம் உள்ள பணக்காரர்கள். முதல் எதிரி கார் வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர்கள், வேலையாட்களின் துணைகூட இல்லாமல், தாங்களே நேரில் நடந்து வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது அந்த வாதத்தின் சாரம்.

நிதானமாக யோசியுங்கள். வாகனம் அங்கே போக்குவரத்துச் சாதனமாக நிற்கவில்லை. நன்னடத்தைச் சான்றிதழாக மாறி நின்றது. கார் வைத்திருப்பது கண்ணியத்தின் சாட்சியாக ஏற்கப்பட்டது. கால்நடையாக வந்து கண்ணால் கண்டு சாட்சி சொன்ன மக்களின் சொல் அதன் முன்னால் எடுபடவில்லை. டெல்டாவின் பழைய கார்களையும் புல்லட்டுகளையும் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இந்தத் தீர்ப்பு நினைவுக்கு வர வேண்டும். எல்லா வண்டியும் குற்றவாளியின் வண்டி என்று நாம் சொல்லவில்லை. வண்டி வைத்திருப்பது ஒருவரை எப்படிப்பட்ட மனிதராக ஆக்கிக் காட்டியது என்பதைத்தான் சொல்கிறோம்.

அதனால்தான் பழைய வண்டியை வைத்துச் சொல்லப்படும் கதைகளில் பண்ணையார் எப்போதும் வெள்ளை வேட்டி கட்டிய நல்லவராக வருகிறார். வண்டியைத் துடைத்தவர், சேற்றில் சிக்கியபோது தள்ளியவர், களத்துமேட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றவர் எவரும் அந்தக் கதையில் பெயரோடு வருவதில்லை.

நம் வண்டிகள் எங்கே போயின?

சேரிக்கும் வண்டி வந்தது. முதலில் சைக்கிள். ஆசிரியர் வேலை, ரயில்வே வேலை, பிறகு வளைகுடா, திருப்பூர் என்று பண்ணைக்கு வெளியே ரொக்கக் கூலி கிடைத்தபோது மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் வந்தன. ஒவ்வொரு சேரியிலும் முதல் சைக்கிள் யாருடையது, முதல் மோட்டார் சைக்கிள் யாருடையது என்று பெரியவர்களுக்குத் தெரியும். கேட்டால் வண்டியின் நிறத்தோடு சொல்வார்கள்.

அந்த வண்டிகள் ஏன் இன்று இல்லை? ஓடாத வண்டியைப் பத்து வருடம் சும்மா நிறுத்தி வைக்க முதலில் இடம் வேண்டும். கொட்டகை வேண்டும். விற்காமல் இருக்க வசதி வேண்டும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, அக்காவின் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் முதலில் போவது வண்டிதான். தவணை தவறினால் பைனான்ஸ்காரர் எடுத்துக்கொண்டு போவார். கூரைச் சாய்ப்பில் மிஞ்சி நின்றதை வெள்ளமும் 2018 நவம்பரின் கஜா புயலும் பார்த்துக்கொண்டன. பழம்பொருளாக மாறும் வரை ஒரு பொருளைக் காப்பாற்றி வைப்பதே ஒரு சொத்துரிமைதான்.

இன்னொரு வழியிலும் நம் வண்டிகள் அழிந்தன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் தாக்கப்பட்டபோது வீடுகளோடு மோட்டார் சைக்கிள்களும் எரிக்கப்பட்டன. வெளியூர் கூலியில் சேர்த்து வாங்கிய பொருள்களைத் தேடித் தேடி அழித்தார்கள். குடிசையாக இருந்தவரை பொறுத்துக்கொண்டவர்களுக்கு, வாசலில் வண்டி நின்றதைப் பொறுக்க முடியவில்லை.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே மேலபிடாவூரில், புல்லட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகவே வெட்டினார்கள் என்று குடும்பத்தினர் புகார் கூறினார்கள். மூவர் கைது செய்யப்பட்டனர். வெட்டியது கைகளை என்பதைக் கவனியுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்த கைகளை.

சட்டத்தில் எழுதப்பட்ட மோட்டார் சைக்கிள்

இது நம் மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பகுதி. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1)(இசட்.ஏ.) பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிரான தடைகளைப் பட்டியலிடுகிறது. பொது இடத்தில் சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பு அணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ தடுப்பது, திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது ஆகியவை அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை, அபராதத்துடன்.

மோட்டார் சைக்கிள் என்ற சொல் ஒரு வன்கொடுமைச் சட்டத்துக்குள் எப்படி வந்தது? நாடு முழுவதும் நடந்த சம்பவங்கள் அதைக் கொண்டுவந்து வைத்தன. ஆகவே "வண்டிக்காக அடித்தார்கள்" என்று ஒருவர் காவல் நிலையத்துக்கு வரும்போது, அது இளைஞர் தகராறு, முன்விரோதம் என்று மட்டும் எழுதப்பட விடாதீர்கள். இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விசாரணையை டி.எஸ்.பி. நிலை அதிகாரி நடத்த வேண்டும். முன்ஜாமீன் இந்தச் சட்டத்தில் தடுக்கப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் 15ஏ பிரிவில் இருக்கின்றன. கடமை தவறும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு இருக்கிறது.

பட்டறை என்கிற பள்ளிக்கூடம்

இப்போது வண்டியைப் பிரிப்போம்.

பல வருடம் நின்ற பழைய 350 புல்லட்டை வாங்கியவுடன் கிக்கரை உதைக்கக் கூடாது. முதலில் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் மெல்ல இளகும். பிறகு டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். டேங்கில் கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, உள்ளே துரு எடுக்க வேண்டும். கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்கும். என்ஜின் ஆயில் சேறாகியிருக்கும். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். டெல்டாக் கொட்டகையில் நெல்லுக்கு வரும் எலி வயரையும் விடாது. ஒயரிங் முழுவதையும் மாற்றுவதே நல்லது. பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி சரிசெய்ய வேண்டும். டயர், டியூப், பிரேக் ஷூ மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதை ஓட்டும் முன் மறக்காதீர்கள். கிடைக்காத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

இந்த வேலைகளை நமக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? பள்ளியைப் பாதியில் விட்டுப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கச் சேர்ந்து, வருடக்கணக்கில் கிரீஸிலும் கரியிலும் கற்றுக்கொண்ட மனிதர்கள். மோட்டார் மெக்கானிக் வேலை எந்தச் சாதிக்கும் குலத்தொழிலாக ஒதுக்கப்படாத வேலை. அது வந்ததே இருபதாம் நூற்றாண்டில்தான். அதனால் அதற்குள் நம்மவர்களும் நுழைய முடிந்தது. எந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்றார்களோ, அந்தத் தெருவின் வண்டி நம் கைக்கு வந்தது. என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் காதுக்கு யாரும் தீட்டுப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பட்டறைக்கு வெளியே, வண்டியைக் கொண்டுபோய் விடும் வீட்டுத் திண்ணையில், தண்ணீர் எந்தக் குவளையில் வந்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். திறமை சாதியை ஒழித்துவிடும் என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

இளம் தோழர்கள் செய்ய வேண்டியவை

வண்டியை வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தை விடாதீர்கள். 29, 30 எண் படிவங்களில் பெயர் மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் 31ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டி என்றால் 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி பழமை வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான். வேலைக்குப் போகவும் வரவும் வண்டி வேண்டுமென்றால் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தை ஓர் ஆவணமாகவும் படியுங்கள். முதல் உரிமையாளர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு கைமாறியது என்று எழுதி வையுங்கள். முகவரியில் அக்கிரகாரம் இருக்கும், பண்ணை வீட்டின் பெயர் இருக்கும். நம்முடையதில் காலனி என்றிருக்கும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதல்வர் 2025 ஏப்ரலில்தான் அறிவித்தார். பழைய ஆர்.சி. புத்தகத்தில் அது அப்படியே இருக்கும். கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் சேரியின் முதல் சைக்கிள், முதல் மோட்டார் சைக்கிள், முதல் டிரைவர், முதல் மெக்கானிக், முதலில் வண்டி ஓட்டிய பெண் ஆகியோரின் பட்டியலைத் தயாரியுங்கள். எங்கே இறங்கித் தள்ளச் சொன்னார்கள், யார் முதலில் இறங்க மறுத்தார், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த நாளைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். கொட்டகையில் நிற்கும் இரும்பு இன்னும் பத்து வருடம் தாங்கும். அவர்கள் தாங்க மாட்டார்கள். புல்லட்டுக்குப் பாகம் தேடிப் புதுப்பேட்டைக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

ஜெய் பீம்.